துறைத் தலைவர் போட்ட மூன்று மார்க்

கல்லூரித் துறைத் தலைவர் சடகோபனுக்கு நாற்காலியைவிட வாய் பெரிசு. கௌரவ விரிவுரையாளர் பூங்கோதையைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் விரட்டினார்.

"இருநூறு அசைன்மென்ட்டை ஆன்லைன்ல ஒரே மணி நேரத்துல திருத்திட்டேன். ஒரு வரி விடாம படிச்சு, கருத்தும் எழுதியாச்சு. உனக்கு மட்டும் ஏம்மா ஒரு வாரம்? நாளைக்குள்ள முடி, இல்லேன்னா வீட்டுக்குப் போ."

"நூத்தேழாவதைத் திரையில காட்டுங்க சார்."

பெருமையாகக் காட்டினார். 'சொந்தச் சிந்தனை துளியும் இல்லை. பத்துக்கு மூன்று.'

"அது மாணவர் எழுதினதில்ல சார். உங்க பிஎச்.டி. ஆய்வேட்டோட முதல் அத்தியாயம். மாணவர்களோட அசைன்மென்ட்டுக்கு நடுவுல நான்தான் ஏத்தினேன்."

சடகோபன் அவசரமாகத் திரையை அணைக்கப் போனார். பூங்கோதை விடவில்லை.

"ஆய்வேட்டை எழுதினது நீங்கன்னா, இதைப் படிக்கல. இதைப் படிச்சது நிஜம்னா, ஆய்வேட்டை நீங்க எழுதல. எப்படிப் பார்த்தாலும் மார்க் மட்டும் சரியாத்தான் போட்டிருக்கீங்க!"