வராத இடத்தில் வந்த ஒற்று

ஆவுடையப்பனுக்கு வயது ஐம்பத்துநான்கு. அவருடைய குருவுக்கு முப்பத்திரண்டு. பெயர் செண்பகவல்லி. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, தமிழில் ஒற்றுப்பிழை திருத்தும் மென்பொருள் ஒன்றை நடத்திவந்தார். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், யாரும் அதற்கு நிரல் எழுதித் தரலாம். வருகிற நிரலைப் படித்துப் பார்த்துச் சேர்க்கும் உரிமை மட்டும் அவர் ஒருவரிடம் இருந்தது. எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் ஆவுடையப்பனுக்கு இலக்கணம் தண்ணீர் பட்ட பாடு. நிரல் எழுதத்தான் டீச்சரிடம் வந்து கற்றுக்கொண்டார். அடுத்த மாதம் சேர்க்கும் உரிமையை இன்னொருவருக்கும் தரப்போவதாக டீச்சர் சொன்னபோது, அது தனக்குத்தான் என்று மனசுக்குள் முடிவுகட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் காயல்பட்டினத்திலிருந்து ருக்கையா வந்து சேர்ந்தாள். கல்லூரியில் படிக்கிறவள். தட்டச்சு செய்யும்போதே விட்டுப்போன ஒற்றைத் தானாகப் போட்டுக்கொடுக்கும் ஒரு செருகுநிரலை எழுதி அனுப்பினாள். டீச்சர் இரண்டே நாளில் அதைச் சேர்த்துவிட்டார். கீழே ‘ரொம்ப அழகு’ என்று ஒரு பாராட்டு வேறு.

ஆவுடையப்பன் அனுப்பிய செருகுநிரல் மூன்று மாதமாகக் கிடந்தது. அதற்குக் கீழே டீச்சர் நாற்பத்தொரு குறிப்புகள் எழுதியிருந்தார். அவற்றில் எங்காவது ‘அழகு’ இருக்கிறதா என்று தேடல் பெட்டியில் போட்டே பார்த்தார். இல்லை.

வயிறு எரிந்தது. மகள் வயசுப் பெண்ணிடம் போய்ப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கத்துக்கும் சேர்த்து அவள்மேல்தான் எரிச்சல் வந்தது.

ஒரு நாள் கேட்டேவிட்டார்.

“என் நிரலுக்கு மட்டும் ஏன் டீச்சர் இத்தனை குறிப்பு?”

“எல்லாத்தையும் படிச்சீங்களா அண்ணாச்சி?”

படித்ததாகச் சொன்னார். எத்தனை என்று எண்ணியிருந்தார், அவ்வளவுதான்.

ஜூன் மூன்றாம் தேதி, ருக்கையாவின் செருகுநிரலில் ஓட்டை தேட உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் கிடைத்தது. ஆள் பெயர் எது, சாதாரணச் சொல் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ‘மேரி தங்கம்’ என்று அடித்தால் ‘மேரித் தங்கம்’ ஆனது. ராணி பாக்கியம் ‘ராணிப் பாக்கியம்’ ஆனாள். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சோறு ருசித்தது.

திருத்தத்தையும் அன்றே எழுதித் தன் கணினியில் பதிந்துவைத்தார். அனுப்பவில்லை. நாலு பேர் பார்க்க வெடிக்கட்டும், அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம் என்றிருந்தார்.

நடுவில் ருக்கையாவே அவருக்கு எழுதினாள். இலக்கணத்தில் தப்பு இருந்தால் அங்கிளிடம் கேட்டுக்கொள் என்று டீச்சர் சொன்னாராம்; தன் செருகுநிரலைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். ஆவுடையப்பன் யோசித்துவிட்டு, உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவைத்தார்.

இருபத்துநாலாம் தேதி வெடித்தது. ஒரு பள்ளியிலிருந்து கடிதம். பொன்விழா மலரில் பழைய மாணவிகள் அறுநூறு பேரின் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அச்சாகி வந்தபின் பார்த்தால் பாதிப் பெயர்களின் நடுவே ஒற்று முளைத்திருக்கிறது. இறந்துபோன ஒரு மாணவியின் அம்மா, இது என் பிள்ளை பெயரில்லை என்று மலரை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாராம். நிரல் எழுதுகிறவர்களின் குழுவில் ருக்கையா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்றும் எழுதினாள்.

பத்தாவது நிமிடம் ஆவுடையப்பனின் திருத்தம் போய்ச் சேர்ந்தது. பாராட்டு குவிந்தது. அண்ணாச்சி கை பட்டால் அதுவே தனி வேகம் என்றார் ஒருவர். ஆவுடையப்பன் சலவைச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு டீச்சர் வீட்டு மாடிப்படி ஏறினார்.

டீச்சர் அந்தத் திருத்தத்தைத்தான் திறந்துவைத்திருந்தார். சுத்தமான வேலை, ஒரு குறிப்புகூட எழுத வேண்டியிருக்கவில்லை என்றார். மூன்று மாதமாக ஏங்கிய பாராட்டு கடைசியில் கிடைத்துவிட்டது. ஆவுடையப்பன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

டீச்சர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

நிரலை என்றைக்கு அனுப்பினாலும் சரி, எழுதிப் பதிந்த தேதி அதோடு ஒட்டிக்கொண்டே வரும். முதல் வாரப் பாடம் அது. பாராட்டு வாங்கும் அவசரத்தில் மறந்துபோயிற்று. திரையில் அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் ஜூன் 3 என்று இருந்தது.

ஆவுடையப்பன் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“இன்னும் யாரும் கவனிக்கல,” என்றார் டீச்சர். “தேதியை மாத்தியும் சேர்க்கலாம். இருக்கிறபடியும் சேர்க்கலாம். இன்னைக்கு நீங்களே சேருங்க.”

விசைப்பலகையை அவர் முன்னால் நகர்த்திவைத்தார். ஆவுடையப்பன் எவ்வளவோ நாளாக ஆசைப்பட்ட உரிமை. கை நீளவில்லை.

எதையாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

“பிழை அந்தப் பொண்ணோடதுதானே டீச்சர்?”

டீச்சர் தேதியின்மேல் விரலை வைத்தார்.

“மூணாந்தேதி வரைக்கும் அவளோடதுதான்.”