ஒரு பக்கம் வெளுத்த இன்ஜின்

பாதியில விட்டுட்டேன்னு யார் சார் சொன்னது? முழுசா முடிச்சாச்சு. இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் வெளுப்பு. வேணும்னுதான் பண்ணினேன்.

மாடல் ரயில் கிளப் செயலாளர்னா என்ன வேணா சொல்லிடலாமா? நாளைக்குக் கண்காட்சி. நடு ஹால்ல போட்டிருக்கிற பெரிய தண்டவாளத்துல என் இன்ஜின் ஓடணும். அதுக்காக செமஸ்டர் புத்தகத்தைக்கூடத் தொடலை நான். ‘ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பண்ணிட்டு வா’ன்னு இத்தனை பேர் முன்னால மைக்குல சொல்லித் தள்ளி வெச்சா, சரின்னு போயிடுவேனா?

உக்காருங்க, ஞானசிகாமணி சார். கேட்டுட்டு அப்புறம் கத்துங்க.

மாடல் ரயிலைப் பழசாக்குற வேலையை எனக்குச் சொல்லிக் குடுத்தது பெனிட்டா அக்கா. அதோ, கடைசி நாற்காலியில, எனக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமே இல்லைங்கிற மாதிரி சமோசா தின்னுக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான். என்னைவிட நாலஞ்சு வயசுதான் மூப்பு. பல் டாக்டர். பகல் பூரா ஊர்க்காரங்க பல்லுல கறை எடுப்பாங்க. சாயங்காலம் பொம்மை ரயிலுக்குக் கறை வைப்பாங்க.

முதல் தடவை இன்ஜினைக் கொண்டுபோய் அவங்க கிளினிக் மேஜையில வெச்சேன். வெளிநாட்டு வீடியோ பாத்துப் பண்ணினது. சக்கரத்துக்கு மேல பூரா வெள்ளை வெள்ளையா ஒழுகின தடம்.

“இது என்ன?”

“பனி உருகி வழிஞ்ச கறைக்கா.”

“ஈரோட்டுலயா?”

வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன்.

வெள்ளையைத் துடைச்சுட்டுத் துருவை அப்பினேன். மேல, கீழ, முன்னால, பின்னால. ஒரு இடம் விடலை.

அக்கா பாத்தாங்க.

“செத்து எத்தனை வருஷமாச்சு?”

“சாகலைக்கா. தினமும் ஓடுற வண்டி.”

“ஓ.”

அந்த ‘ஓ’ இருக்கே, அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

“அப்ப எங்கதான்க்கா அழுக்கு வைக்கிறது? அதைச் சொல்லித் தொலைங்களேன்!”

“தமயந்தி, வாயைத் திற.”

“மூடுன்னுதானே எல்லாரும் சொல்லுவாங்க?”

“திற.”

நாற்காலியில சாச்சு, லைட்டைப் போட்டு, குட்டிக் கண்ணாடியை உள்ள விட்டுப் பாத்தாங்க.

“வலது பக்கம் மட்டும்தான் மெல்லுற. இடது பக்கம் கடிச்சா வலிக்குது. ஒரு வருஷமா யாருகிட்டயும் சொல்லலை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. “எப்படிக்கா தெரியும்? யாரு சொன்னா?”

லைட்டை அணைச்சாங்க.

“வெளிய அடுத்த ஆள் உக்காந்திருக்காரு. வரச் சொல்லு.”

அவ்வளவுதான் பாடம். இதுக்கு மேல ஒரு வார்த்தை வராது அவங்ககிட்ட.

திட்டிக்கிட்டே நடந்தேன் சார். கூட்ஸ் யார்டு மேம்பாலம் வந்துச்சு. கீழ ஒரு ஷண்டிங் இன்ஜின். வேகனை இங்கேருந்து அங்க தள்ளுறதுதான் அதுக்குப் பொழப்பு. போகும், வரும், ஆனா மூஞ்சியைத் திருப்பவே திருப்பாது. அதோட ஒரு பக்கம் ஆயுசுக்கும் மேற்க பாத்தே நிக்குது. அந்தப் பக்கத்தை சாயங்கால வெயில் தின்னு தின்னு, நீலம் சாம்பலாப் போச்சு. கிழக்குப் பக்கம் புங்கமர நிழல். பெயிண்ட் அப்படியே இருக்கு, மேல காக்கா எச்சம். டிரைவர் பிடிச்சு ஏறுற கம்பி மட்டும் கைபட்டுப் பளபளன்னு மின்னுது, மென்னு மென்னு தேஞ்ச என் வலது பக்கப் பல்லு மாதிரி.

என்ன? இன்ஜின் மூஞ்சியில எதுக்குச் சந்தனப் பொட்டா? ஆயுத பூஜைக்கு வெச்சது சார்! மழையில கரைஞ்சு கீழ வரைக்கும் மஞ்சக் கோடு இழுத்திருக்கு. துடைக்க யாருக்கும் மனசு வரலை. எனக்கும் வரலை. அதனால வரைஞ்சேன்.

முடிச்சதும் அக்காகிட்ட எடுத்துட்டுப் போனேன். சாயங்காலம். கிளினிக்ல யாரும் இல்லை.

“கிளப்புல சிரிப்பாங்களாக்கா? ஒரு பக்கம் விட்டுட்டாள்னு சொல்லுவாங்களா?”

அக்கா இன்ஜினைத் தொடலை. குனிஞ்சு வெளுத்த பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் எந்திரிச்சுப் போய் மேற்கு ஜன்னல் திரையை இழுத்து மூடினாங்க.

“எதுக்குக்கா?”

“பாவம். போதும் அதுக்கு வெயில்.”

அழுதுட்டேன் சார். நான்!

இப்ப உங்க வண்டிக்கு வருவோம். போன வருஷம் கப் வாங்கின வண்டி. அதுவும் ஷண்டிங் இன்ஜின்தான்னு நீங்களே அட்டை எழுதி வெச்சிருக்கீங்க. ரெண்டு பக்கமும் ஒரே வெளுப்பு, ஒரே துரு, கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி. சரி, இருக்கட்டும்.

அக்காவைப் பாக்காதீங்க. அவங்க சொல்ல மாட்டாங்க.

மைக்கைப் பிடிங்க. கடைசி வரிசைக்கும் கேக்கணும். உங்க வண்டி நிக்கிற ஊர்ல சூரியன் எந்தப் பக்கம் சார் மறையுது?