ஊறல் பேசிய காலை

மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, கதவு வழியாகக் கிளம்பிப் போகும் ஒரு மலைப் பண்ணைவீடு. ஒரு காலத்தில் அங்கே பார்லியை ஊறவைத்து மது எடுத்தார்கள், சாராயம் வடித்தார்கள். பிறகு அடுப்பு அணைந்தது. வீடு தூங்கிப்போனது.

அதை எழுப்ப வந்தவள் குரு வேதவல்லி. கூட வந்தவன் சீடன் மாசிலாமணி. அவனுக்கும் குருவின் வயதுதான். தெருக்கூத்தில் கட்டியங்காரனாக ஆடியவன். சேவல், தாசில்தார், மேட்டில் திணறும் பஸ், எல்லாம் அவன் தொண்டைக்குள் குடியிருந்தன.

பார்லி வாங்கக் குரு மலையிறங்கினாள். வருவதற்குள் அசத்திவிட வேண்டுமென்று மாசிலாமணி வீட்டைத் தேய்த்துக் கழுவி, உத்திரம் வரைக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டான்.

குரு அண்ணாந்து பார்த்தாள்.

"பளிச்சுன்னு இருக்கு."

"நன்றி குருவம்மா!"

"பாலுக்கு உறை மாதிரி ஊறலுக்கும் உறை வேணும். அந்த உத்திரத்து அழுக்குலதான் அது இருந்துச்சு."

மாசிலாமணி கையிலிருந்த சுண்ணாம்பு மட்டையை மெல்லக் கீழே வைத்தான்.

"எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். பார்ப்போம்," என்றாள் குரு.

தொட்டியில் ஊறல் போட்டார்கள். விடியலில் குரு தொட்டியில் காது வைத்துக் கேட்டாள். நுரைத்துப் பேசும் சத்தமே இல்லை. அந்த ஊறல் எருமைக்குப் போயிற்று. அடுத்ததும் எருமைக்கே. மூன்றாவதைப் போட்டதும் குரு சொன்னாள்:

"இது கடைசி. பௌர்ணமிக்குள்ள பேசலைன்னா வீட்டைப் பூட்டிட்டு இறங்கிடலாம்."

அவனுக்குப் பொறுக்கவில்லை. ஓட்டு இடுக்கில் ஒரு மூங்கில் குழல் செருகியிருந்தது. அந்தக் காலத்து ஆட்கள் ஊறலை உறிஞ்சி ருசி பார்த்த குழல். மறுநாள் விடியலில் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி, குழலை ஊறலுக்குள் விட்டு ஊதினான்.

புளக். புளக்.

குரு காதை வைத்தாள். "அட, பேசுதே!"

மாசிலாமணி கையால் வாயைப் பொத்திச் சிரித்தான். பிறகு, குருவை ஏமாற்றுகிறோமே என்று குழலைக் கீழே வைத்தான். ஆனாலும் மறுநாளும் ஊதினான், அதற்கு மறுநாளும்.

ஒரு காலை மேகத்தோடு மேகமாகத் தூங்கிப்போனான். விழித்து, குழலும் கையுமாக ஓடினான். குரு ஏற்கெனவே தொட்டியில் சாய்ந்திருந்தாள்.

புளக். புளக். புளக்.

பின்னால் போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. தொட்டி விளிம்பில் நுரை ஏறியிருந்தது.

"யாரு ஊதுறது?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

குரு அவன் கையிலிருந்த குழலை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். உள்ளே பழைய கசடு, கறுப்பாக, ஈரமாக.

"இந்த வீட்ல நீ தேய்க்காம விட்டது இது ஒண்ணுதான்."

"அப்போ... முதல் நாளே தெரியுமா?"

"எருமை மாதிரி மூச்சு வாங்குறே. தெரியாதா?"

"ஏமாத்தினேனே குருவம்மா! ஏன் ஒரு வார்த்தை திட்டலை?"

குரு மறுபடி தொட்டியில் காதை வைத்தாள்.

"திட்டியிருந்தா ஊதுறதை நிறுத்தியிருப்பியே."