நூறு கோடிப் பேர் குடியேறிய கதை

ஓட்டைவலசு நாகாத்தா இரண்டு முறை கோழிக்குஞ்சு வாங்கி, இரண்டு முறையும் கழிச்சல் நோய்க்குப் பறிகொடுத்தவள். மூன்றாம் முறையாக நூறு குஞ்சுகள் வந்து இறங்கின. ஒரு குஞ்சு தும்மினாலும் அவள் கூண்டுக்கு ஓடினாள்.

கால்நடை டாக்டர் ஒரு பொட்டலம் கொடுத்தார். "இதுல இருக்கறதெல்லாம் உயிருள்ள நல்ல கிருமிங்கம்மா. முதல் தண்ணியிலயே கலந்து வெச்சுடு. இதுங்க வயித்துல குடியேறிட்டா, கெட்ட கிருமிக்கு இடம் இருக்காது."

வீட்டில், அவள் கணவனின் அண்ணன் செல்லாண்டி பொட்டலத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஒரு கிராமுல நூறு கோடி உயிராமா! புரட்டாசியில, நம்ம வீட்டுலயா?"

பொடி கலக்க எடுத்த கரண்டியை நாகாத்தா கீழே வைத்தாள். பெருமாள் விரதத்துக்காகக் கருவாட்டுப் பானையையே அடுத்த ஊருக்கு அனுப்பிவைத்த குடும்பம் அது.

"குஞ்சு புழு பூச்சி திங்கறதில்லீங்களா மாமா?"

"தானாத் தின்னா அதும்பாடு. நாம பரிமாறினா நம்ம பாவம்."

"முதல் தண்ணியே இதுதான்னாரே டாக்டர்!"

"அதுக்கென்ன?" என்றான் அவள் கணவன் பொங்கியண்ணன். "புரட்டாசி முடிஞ்சு முதல் தண்ணி குடிக்கட்டும். இருபது நாள்தானே."

நூறு குஞ்சுகளும் ஒரே குரலில் கத்தின. நாகாத்தா டாக்டரிடம் திரும்ப ஓடினாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "தினம் தயிர் திங்கறீங்களே, அதுல இருக்கறது யாரு? இதுங்களோட பங்காளிங்கதான்! போம்மா, குஞ்சுக்குத் தண்ணி காட்டு!"

சேதி வந்தபோது செல்லாண்டியின் வாய் நிறையத் தயிர்ச்சோறு. விழுங்கினால் அசைவம். துப்பினால் கொலை. கன்னம் உப்பியபடி உட்கார்ந்திருந்தார்.

நாகாத்தாதான் வழி சொன்னாள். "இதுங்க வயித்துல குடியேறும்னாரே டாக்டர்! அப்ப இது பரிமாறறது இல்லீங் மாமா, குடிவைக்கறது."

செல்லாண்டி கண்ணை மூடி நூறு கோடிப் பேரைக் குடிவைத்தார்.

பிறகு கூண்டுக்கு மாவிலை கட்டி, நல்ல நேரம் பார்த்து, பொடி கலந்த தண்ணீரை வைத்தார்கள். குஞ்சுகள் முண்டியடித்துக் குடித்தன. நாகாத்தா காலையும் மாலையும் எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

தீபாவளிக்குக் கத்தியும் கையுமாகச் செல்லாண்டி வந்தார்.

"உள்ள ஆள் குடியிருக்கறப்ப, சொல்லாமக் கொள்ளாம வீட்டை இடிக்கறதுங்களா மாமா?" என்றாள் நாகாத்தா.

நியாயம்தானே? செல்லாண்டி ஒரு கோழியைத் தூக்கி அதன் வாயருகே குனிந்தார். "ஏனுங், உள்ள இருக்கறவங்க சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிக்குங்க."

கோழி, "கொக்" என்றது.

"என்னங்கறாங்க?"

நாகாத்தா காது வைத்துக் கேட்டாள். "பொங்கல் வரைக்கும் தவணை கேக்கறாங்க. கொழந்தை குட்டியோட இருக்கறாங்களாமா."

செல்லாண்டி தலையாட்டிவிட்டு, அடுத்த கோழியின் அலகை மரியாதையாக இரண்டு தட்டுத் தட்டினார்.