ஆடு தொடாத புதர்

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு குட்டை. அதைச் சுற்றிக் கொஞ்சம் புதர்க்காடு. அதற்கு அப்பால் மூன்று பக்கமும் அடுக்குமாடிகள். அந்தக் காட்டில் ஓணான், கௌதாரி, நிறைசினையாக ஒரு முயல் என்று மூவர் குடியிருந்தார்கள்.

ஓணானுக்குத் தான்தான் அங்கே பெரிய மனுஷன் என்று நினைப்பு. "முயலக்கா குட்டி போடப் போறாங்க. இடம் பத்தாது. இந்தப் புதரை எடுத்துட்டா காடு அகலமாயிடும்" என்றது. யாரும் பதில் சொல்வதற்குள் தானே தலையாட்டியும் கொண்டது.

தெருவில் திரிந்த ஆடுகளுக்குச் சொல்லியனுப்பினார்கள். இரண்டே நாளில் தரை மொட்டையானது.

"இப்ப அளந்து பாருங்க" என்றது ஓணான் பெருமையாக.

முயல் தன் படுக்கையிலிருந்து குட்டை வரை தாவியது. புதர்களைச் சுற்றிப் போன காலத்தில் அது நாற்பது தாவல். இப்போது பன்னிரண்டிலேயே கால் நனைந்தது.

"என்ன ஓணாண்ணே, இருந்த இடமும் போச்சே!"

எங்கே உட்கார்ந்தாலும் மூவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தார்கள். கௌதாரி மண்ணைக் கிளறினால் ஓணானுக்கு எரிச்சல். ஓணான் தலையாட்டினால் கௌதாரிக்கு எரிச்சல். இதுவரை கண்ணில் படாத சுவர்களோ கிட்டே நகர்ந்து வந்ததுபோல் நின்றன.

"இங்க மூச்சு முட்டுது. நான் ரோட்டைத் தாண்டிப் போயிடறேன்" என்றது முயல்.

ஓணானின் தலை அன்றுதான் ஆடாமல் நின்றது. ரோட்டைத் தாண்டப் போனவர்கள் லாரிச் சக்கரத்துக்குத் தப்பியதில்லை.

"கொஞ்சம் பொறு தாயி" என்று கௌதாரி குட்டையின் மறுகரைக்கு ஓடியது. "இங்க ஒரு புதர் மிச்சம் இருக்கு!"

அது ஆடாதொடை. பேரிலேயே இருக்கிறதே, ஆடு தொடாது. முயல் அதன் பின்னால் போய்ப் படுத்தது. ஓணான் மறைந்தது, சுவர்களும் மறைந்தன. "அப்பாடா" என்று காலை நீட்டிக்கொண்டது. அன்று சாயங்காலமே மூன்று குட்டிகள் பிறந்தன.

மழை பெய்து மற்ற புதர்கள் துளிர்த்ததும் ஆடுகள் மறுபடி எட்டிப் பார்த்தன. ஓணான் பணிமனை வேலிமேல் ஏறி நின்றது.

"இங்க முளைச்சதெல்லாம் ஆடாதொடை. வாயெல்லாம் கசக்கும், போங்க" என்று தலையாட்டிச் சொன்னது. ஆடுகள் நம்பிவிட்டன.

புதர்கள் இடுப்புயரம் வளர்ந்த பிறகு முயல் தன் பழைய படுக்கைக்கே திரும்பி, அங்கிருந்து குட்டிகளோடு தண்ணீர் குடிக்கப் போனது. வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போய், நாற்பதாவது தாவலில் நிம்மதியாகக் காலை நனைத்தது.

பச்சையை அழித்து இடம் தேடினால் இருக்கிற இடமும் சுருங்கிப்போகும்.