தும்பை சுவரில் மாட்டிய துண்டு

உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்கள் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு புள்ளிமானின் நுரையீரலில் தும்பை என்ற உயிரணு வாழ்ந்தாள். ஒட்டிய சுவருக்கு அப்புறம் அவள் தங்கை அல்லி.

கிருமி எந்த வீட்டுக்குள் புகுந்திருக்கிறது என்று அப்போது வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதனால் காவலணுக்கள் சந்தேகம் வந்த தெரு முழுக்க அமிலத்தை வாரி இறைப்பார்கள். கிருமியோடு நல்லவர்களும் வெந்துபோவார்கள். இப்படிப் பல தெருக்கள் போனதில் மான் மூச்சுவாங்கிப் புதருக்குள் படுத்துவிட்டது. இன்னும் ஒரு தெரு போனால் மூச்சே நின்றுவிடும்.

அந்த நேரம் பார்த்துத் தும்பையின் வீட்டுக்குள் ஒரு வைரஸ் நுழைந்தது. அவள் கைகளாலேயே தன்னைப் போல இன்னொன்று, மற்றொன்று என்று செய்யவைத்தது. சத்தம் போட்டால் காவலர்கள் வருவார்கள், உன் தங்கையும் சேர்ந்துதான் சாவாள் என்று மிரட்டியது.

தும்பை சத்தம் போடவில்லை. வைரஸ் அசந்த நேரத்தில் அதன் சட்டையில் ஒரு துண்டைக் கிழித்து வெளிச்சுவரில் மாட்டினாள்.

அதற்குள் காவலர் தலைவன் செங்கோடன் அமிலப் படையோடு தெருவுக்குள் வந்துவிட்டான். துண்டைத் தடவிப் பார்த்ததும் அவனுக்குச் சிலிர்த்தது. இந்த உடம்பில் நெய்யாத துணி, இத்தனை நாளும் முகம் காட்டாத எதிரியின் சட்டை! படையை நிறுத்தினான்.

"அண்ணா, இந்தத் தெருவில் அது என் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. இன்னும் வெளியே போகவில்லை. என்னோடு முடித்துவிடுங்கள்" என்றாள் தும்பை.

"நீயும் போய்விடுவாயே, அம்மா."

"சீக்கிரம் அண்ணா. உள்ளே கூட்டம் பெருகுகிறது. சுவர் தாங்காது."

செங்கோடன் அவளை இறுகத் தழுவினான். இருவர் சுவரும் ஒட்டிய இடத்தில் மட்டும் சின்னச் சின்னத் துளைகள் போட்டு நஞ்சை உள்ளே செலுத்தினான். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. தும்பை தன் வீட்டைத் தானே சுருட்டிக்கொண்டு, உள்ளிருந்த வைரஸ்களோடு அமைதியாக உதிர்ந்தாள். அல்லி மேல் ஒரு கீறல் இல்லை.

செங்கோடன் அழ நிற்கவில்லை. இரண்டானான், நான்கானான், ஆயிரமானான். தும்பை செய்ததைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டே ஓடினான். வைரஸ் புகுந்த வீடெல்லாம் துண்டு மாட்டியது. அந்த வீடு மட்டும் விழுந்தது, பக்கத்து வீடு நின்றது. மானுக்கு மூச்சு சீரானது. எழுந்து உடம்பை உதறிக்கொண்டு ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனது.

பிற்காலத்தில் உயிரணுக்கள் பேச்சை மறந்துவிட்டன. ஆனால் தனக்குள் நடப்பதை ஒவ்வோர் உயிரணுவும் சுவரில் மாட்டிக் காட்டுவதும், காவலணு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக் கெட்டுப்போனதை மட்டும் தழுவிக் கொல்வதும் தும்பை போன அன்று தொடங்கியவைதான். உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இந்த நொடிவரை நிற்கவில்லை.