ஈப்பிடிச் செடி உறங்கக் கற்றது

செடிகொடிகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மலைமேல் ஒரு சதுப்பின் ஓரத்து வீட்டில், இருட்டிய பிறகு ஒரு சத்தம் கேட்கும். டக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, டக். பல்லோடு பல் மோதுகிற மாதிரி. விருந்துக்கு வந்து தங்குகிறவர்கள் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார்கள்.

அந்த வீட்டுக்காரி மாதிக்கோ அது கேட்காவிட்டால்தான் பயம்.

சத்தம் போட்டது ஈப்பிடிச் செடி. கைக்குழந்தையின் கண்ணில் ஈ மொய்க்கிறதே என்று மழைக்காலத்தில் மாதிதான் அதைச் சதுப்பிலிருந்து மண்ணோடு பெயர்த்து, ஒரு சட்டியில் நட்டு, அடுப்பங்கரையில் வைத்தாள். விளிம்பெல்லாம் முள் வைத்த இருபது வாய் அதற்கு. ஈ உட்கார்ந்தால் மூடிக்கொள்ளும். அப்போதெல்லாம் அதற்குத் தூக்கம் என்பதே கிடையாது. அதனால் பனி தொடங்கியதும் மாதி அதற்கு இன்னொரு வேலை கொடுத்தாள்.

"நான் அசந்துட்டா வாயை அடிச்சு என்னை எழுப்பு. நான் பிள்ளையை எழுப்பிடுவேன்."

முந்தின வருஷப் பனியில் மூத்த குழந்தையைப் பறிகொடுத்தவள் அவள். பால் குடித்துவிட்டுத்தான் தூங்கியது. விடிந்து பார்த்தால் கை ஜில்லென்று கிடந்தது. தூங்குகிற பிள்ளையைப் பனி வந்து தூக்கிப் போய்விட்டது என்றார்கள் ஊரார். ஆகவே இந்தக் கைக்குழந்தையைத் தூங்க விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். மூச்சு வரும். அது போதாது அவளுக்கு. கண்ணைத் திறந்து அழுதால்தான் நம்புவாள். காலில் கிள்ளுவாள்.

புருஷன் போஜன் ஒருநாள் போர்வையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். "பிள்ளை தூங்கல, நீ தூங்கல, செடியும் தூங்கல. இந்த வீட்டுல நிம்மதியா இருக்கறது எருமை ஒண்ணுதான். நான் தொழுவத்துல போய்ப் படுத்துக்கறேன்."

"போங்க. உங்களுக்கென்ன, பயமா ஒண்ணா?"

"பயம்தான்டி," என்றான். குரலில் கேலி இல்லை. "அதுக்காகப் பிள்ளையைக் கிள்ளிக்கிட்டே இருக்கறதா?"

மார்கழி பிறந்தது. ஊரில் ஒரு ஈ இல்லை. அன்றைக்கு இருட்டியதும் வழக்கமான டக் வரவில்லை. ஈரத்துணியைக் கிழிப்பது போல ஏதோ இழுபடும் சத்தம் வந்தது. மாதி பதறி விளக்கை ஏற்றினாள். ஒரு வாய் வெறுமனே மூடிக்கொண்டு திறக்க முடியாமல் நடுங்கியது. ஓரம் கறுத்திருந்தது.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"தெரியல மாதி. கனமா இருக்கு. எல்லா வாயும் கனமா இருக்கு."

"பசி அது."

"பசியில்ல."

அவள் கேட்டால்தானே? சட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் தள்ளினாள். கறித்துண்டைக் கிள்ளி வாய்க்கு வாய் ஊட்டினாள். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியை வெதுவெதுப்பாக ஊற்றினாள். கம்பளித் துண்டால் சுற்றினாள். காலையில் ஊட்டிய வாயெல்லாம் அழுகி நாறியது. குழந்தையும் அதே மாதிரி வாடியிருந்தது. கன்னம் ஒட்டிவிட்டது. முலையைப் பற்றக்கூடத் தெம்பில்லாமல் தலை தொங்கியது. செடியும் பிள்ளையும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கிடந்தன.

செடிக்குச் சதுப்புத் தண்ணி ஊற்றிப் பார்க்கலாமென்று மாதி குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு தவளை இடுப்புவரை சேற்றில் புதைந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"வாம்மா மகராசி! ராத்திரி பூரா டக்கு டக்குன்னு அடிச்சா ஊர்ல யாரு தூங்கறது? என்ன வேணும், சீக்கிரம் கேளு, கண்ணு சொக்குது."

"நீ உள்ளே போனா, திரும்ப எழுந்திருப்பேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பயமா இல்லையா?"

"பயம்தான், என்ன பண்றது? போன பனிக்கு என் அண்ணனும் பயந்தான். தூங்கவே மாட்டேன்னு அதோ அந்தக் கல்லு மேலயே உக்காந்திருந்தான். விடியறப்ப அவனும் கல்லாத்தான் இருந்தான்."

சொல்லிவிட்டுத் தவளை அமிழ்ந்தது. ரெண்டு குமிழி வந்து உடைந்தது. பிறகு சேறு அசையவேயில்லை.

மாதி வெறும் குடத்தோடு ஓடிவந்தாள். அதற்குள் பொழுது சாய்ந்திருந்தது.

"என்னைக் குளிர்ல வை," என்றது செடி. "இந்தச் சூட்டுல வாயை மூட முடியல."

"குளிர்ல வெச்சா செத்துப்போவே."

"இங்கே இருந்தா மட்டும்?"

"நீ போயிட்டா என்னை யாரு எழுப்புவா?"

"யாரும் எழுப்ப வேண்டாம் மாதி. நீயும் அவனை எழுப்பாதே."

அவள் கை சட்டியைத் தொட்டது, விட்டது, மறுபடி தொட்டது. கடைசியில் தூக்கிவிட்டாள். கம்பளியை உருவினாள். அழுகிய கறியைப் பொறுக்கி எறிந்தாள். அடுப்புச் சூடு எட்டாத பின்கட்டு அறையில், ஜன்னலோரம் சட்டியை வைத்து, பானையிலிருந்த மழைத்தண்ணீரை மண் நனைகிற அளவுக்கு விட்டாள். திரும்பி வந்து பிள்ளையை நெஞ்சோடு போட்டுப் படுத்தாள். கிள்ளப் போகிற கையைத் தன் முதுகுக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வீடு சத்தமில்லாமல் இருந்தது. அப்படி ஒரு ராத்திரியை அவள் அதற்கு முன் கண்டதில்லை. கூரை விரிசலில் பனி இறங்குவது தெரிந்தது. பிள்ளை அசையவில்லை. முதுகுக்கடியில் கை மரத்துப்போயிற்று. அவள் எடுக்கவில்லை.

விடிந்ததும் போஜன் வந்து நின்றான்.

"என்ன?"

"தூங்கறான்."

"மூச்சு?"

"பார்க்கல. எனக்குப் பயமா இருக்குங்க. நீங்களும் பார்க்காதீங்க."

வெயில் குழந்தையின் முகத்துக்கு ஏறியது. குழந்தை ஒரு தும்மல் போட்டது. கண்ணைத் திறந்து, வீடே அதிர வீறிட்டு, முலையைக் கவ்விக்கொண்டது. மாதி அழுத அழுகையில் பிள்ளைக்குப் புரையேறிவிட்டது.

செடிதான் நாளுக்கு நாள் கறுத்தது. இருபது வாயும் கரியாகிப் போயின. "செத்துப்போச்சுடி, கொட்டிடவா?" என்றான் போஜன். தொட விடவில்லை அவள். தினமும் கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் வரவில்லை. மண் காயாமல் மழைத்தண்ணீர் தெளித்தாள். தை போயிற்று, மாசியும் போயிற்று. பங்குனி வெயிலில் ஒருநாள், கரிக்கு நடுவே குன்றிமணி அளவு பச்சை சுருண்டு எட்டிப் பார்த்தது.

"பனி வந்துச்சா?" மாதி ரகசியமாகக் கேட்டாள்.

"தினம் வந்துச்சு. இலை இலையா விரலால தடவித் தேடுச்சு. நான்தான் இலையில இல்லையே. மண்ணுக்குள்ள, கிழங்குக்குள்ள ஒடுங்கிட்டேன்."

அன்று முதல்தான் ஈப்பிடிச் செடி குளிர் கண்டதும் ஒவ்வொரு வாயாகக் கறுக்க விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. அதை வீட்டுக்குள் வளர்க்கிறவர்களும் குளிர்ந்த ஜன்னலோரம் நகர்த்தி, தீனி போடாமல், மண்ணை மட்டும் ஈரமாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். பார்க்கப் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், தோண்டிப் பார்க்கச் சொல்லிக் கை துடிக்கும். தோண்டாதீர்கள். மண்ணுக்குள்ளே செடி கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்குகிறது.